கியர் லாக் ஆன ஞாயிற்றுக்கிழமைகள்

"இடது காலை மறந்துருங்க சார்" என்றார் கார் ஷோரூமில் இருந்த இளைஞர். சாவி, பூங்கொத்து, ஒரு டப்பா இனிப்பு ஆகியவற்றோடு அவர் எனக்குக் கொடுத்த ஒரே அறிவுரை அது. ஆட்டோமேட்டிக் கார். கிளட்ச் கிடையாது. பழக்க தோஷத்தில் இடது கால் எழுந்து கிளட்சைத் தேடினால் பிரேக்கில் விழும், பின்னால் வருகிறவர் நம் டிக்கியில் விழுவார் என்று அன்பாக விளக்கினார். முப்பது வருடம் எனக்காக உழைத்த காலை இவ்வளவு சீக்கிரம் மறக்கச் சொல்வது நியாயமா என்று கேட்க நினைத்தேன். பின்னால் இன்னொருவர் பூங்கொத்துக்காகக் காத்திருந்தார்.

எனக்கு மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த கார் இது. "ரெண்டு பேரும் வீட்டப் பூட்டிட்டு இங்கயே வந்துருங்கப்பா" என்று கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கிறாள். அதற்கு நானும் பதில் சொல்லவில்லை, என் மனைவி விஜயாவும் பதில் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை. அது இருக்கட்டும், நான் காரைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

புதுக் காரில் எனக்கு முதலில் இல்லாமல் போனது கிளட்ச் தீயும் வாசனை. உங்களுக்கு அந்த வாசனை தெரியுமா? அடுப்புப் பக்கத்தில் மறந்து வைத்த ரப்பர் செருப்பு மாதிரி இருக்கும். சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே பாதிக் கிளட்சை மிதித்துக்கொண்டு ஊர்ந்தால் கொஞ்ச நேரத்தில் கமகமவென்று வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் அதுதான் காரின் இயற்கையான மணம் என்று நினைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்தும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஒரு பழைய அம்பாசடரை வாங்கினார். சிம்மக்கல்லில் எங்களுக்குச் சாக்கு, கயிறு மொத்தக் கடை. கடைக்கு மேலே வீடு. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. வாங்க மட்டும் தெரியும். ஓட்டுவது என் பொறுப்பு.

அந்த வண்டியில் கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் கியர் என்போம். தன் பக்கம் இழுத்து மேலே தள்ளினால் முதல் கியர், கீழே இறக்கினால் இரண்டாவது. அந்தப் பக்கம் தள்ளி மேலே ஏற்றினால் மூன்றாவது, கீழே இறக்கினால் நாலாவது. தரையில் ஒன்றும் இல்லாததால் முன்சீட்டு ஒரே பெஞ்சாக நீண்டிருக்கும். ஜன்னலோரம் அப்பா, நடுவில் சித்தப்பா, இந்தப் பக்கம் நான். சித்தப்பா கொஞ்சம் தாராளமான உடம்புக்காரர். நாலாவது கியர் விழ வேண்டும் என்றால் அவர் முழங்காலை ஒதுக்கித் தர வேண்டும். "சித்தப்பா, நாலு" என்பேன். ஒதுக்குவார். அவர் தூங்கிவிட்டால் திருமங்கலம் வரைக்கும் மூன்றாவது கியர்தான்.

திருமங்கலம் எதற்கு என்றால், அங்கே அப்பா ஒரு தோட்டம் வாங்கிப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பமே கிளம்பித் தோட்டம் பார்க்கப் போவோம். பின்சீட்டில் அம்மா, சித்தி, விஜயா, மடியில் சித்தியின் பிள்ளைகள், அவர்கள் மடியில் புளியோதரை. தோட்டத்தில் தண்ணீர் வராத ஒரு போர் குழாயும் முழங்கால் உயரத்துத் தென்னங்கன்றுகளும் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பார்த்து, "போன வாரத்துக்கு இந்த வாரம் தேவல" என்று அப்பா சொன்னதும் திரும்பி வருவோம்.

இனி எங்கள் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாடியில் ஒரு பெரிய அறையை பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியைப் புதுமணத் தம்பதிக்குத் தந்திருந்தார்கள். மறுபாதி சித்தப்பாவுக்கு. பிளைவுட் கூரை வரைக்கும் போகவில்லை. பாதியிலேயே அதற்கு மனசு மாறியிருக்க வேண்டும். ஒரு நாள் விஜயாவிடம் மெதுவாக, "தலவலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இப்பப் பரவால்லய்யா, தைலம் தேச்சேன்" என்று சித்தப்பா பதில் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த அறையில் பேசுவதை விட்டுவிட்டோம். கீழே போனால் அம்மா, சித்தி. கடையில் அப்பா. மொட்டை மாடியில் வற்றல் காயப்போடும் பக்கத்து வீட்டார். கட்டிய மனைவியோடு பேச நினைத்தால் ஊரில் இடமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பலூர் தாண்டியதும், குறுக்கே வந்த லாரிக்காக வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு இறக்கினேன். கியர் இடையில் சிக்கிக்கொண்டது. இப்படியும் வராது, அப்படியும் போகாது. பழைய ஹேண்ட் கியர் வண்டிகளில் இது சகஜம். ஸ்டியரிங் குழாய்க்கு அடியில் இரண்டு கம்பிகள் ஓடும். அவற்றின் மூட்டில் இருக்கும் புஷ் என்கிற சின்ன வளையம் தேய்ந்துபோனால் இரண்டும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, கம்பியை அசைத்து விடுவிக்க வேண்டும். அப்போது ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சொல்லும்போது கிளட்சை மிதித்து, சொல்லும்போது விட வேண்டும்.

எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலுக்குப் போனார்கள். சித்தப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். "அமுக்குங்க" என்றால் யோசித்தார். "விடுங்க" என்பதற்கு முன்பே விட்டார். என் விரல் நசுங்கியது. நான் கத்தினேன். "நீ சரியாச் சொல்லலப்பா" என்று அவரும் கத்தினார்.

மரத்தடியிலிருந்து அப்பா தீர்ப்பு சொன்னார். "நீ எந்திரிச்சு வாடா. மருமகள உக்காரச் சொல்லு. அது சொன்னதக் கேக்கும்."

விஜயா வந்து உட்கார்ந்தாள். பானெட் திறந்திருந்ததால் அவளுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவளைத் தெரியாது. குரல் மட்டும் ஜன்னல் வழியாக வரும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடு."

"விட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

கல்யாணமாகி மாதங்கள் போயிருந்தன. அவள் என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று சொன்னது அன்றுதான். நான் மரத்தடியைப் பார்த்தேன். அவர்கள் புளியோதரையைப் பிரித்துவிட்டிருந்தார்கள்.

"வண்டியூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் கேக்குறாக. நான் போகட்டுமா?"

அருப்புக்கோட்டையில் அவள் கல்யாணத்துக்கு முன்னால் கணக்கு டீச்சராக இருந்தவள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே "எங்க வீட்டுல பொம்பளப் பிள்ளைகள வேலைக்கு அனுப்புற வழக்கமில்ல" என்று அப்பா சொல்லி, அவள் வீட்டார் தலையாட்டி, அது முடிந்த விஷயம். முடிந்துவிட்டதா என்று அவளிடம்தான் யாரும் கேட்கவில்லை. நான் உட்பட.

"அமுக்கு" என்றேன்.

"அமுக்கித்தான் இருக்கேன். போகட்டுமா?"

"அப்பாகிட்டக் கேக்கணும்."

"கேளுங்க."

கம்பி விடுபட்டது. அதற்கு மேல் பானெட்டைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் கியர் லாக் ஆனது. அதற்கடுத்த ஞாயிறும். ஹேண்ட் கியரைப் பாதியில் நிறுத்தி ஒரு இடி இடித்தால் போதும், சிக்கியது போலவே சத்தம் வரும் என்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் குடித்தனம் அங்கேதான் தொடங்கியது. அமுக்கு, விடு என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் அவளுக்குக் கத்திரிக்காய் ஆகாது, இடிக்குப் பயம், கணக்கில் தப்புப் போட்டால் தூக்கம் வராது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவள் ஒரே கேள்விக்கு வருவாள். "கேட்டீகளா?" நான் கேட்டிருக்க மாட்டேன். கடையில் அப்பா சாக்கு எண்ணும்போது போய் நிற்பேன், "என்னடா?" என்பார், "ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிடுவேன். ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடும்.

இதற்கிடையில் சித்தப்பாவும் நானும் வண்டியை மெக்கானிக் காதர் பாயிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "புஷ்ஷெல்லாம் மொதத் தடவ சிக்குனப்பவே மாத்திட்டேனே தம்பி. கியரு வெண்ணெயா விழுதே" என்று என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஹேண்ட் கியரையே கழற்றி எறிந்துவிட்டு, தரையில் நிற்கும் ஃப்ளோர் கியராக மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. அப்போது நிறையப் பேர் அப்படி மாற்றிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை வேலை தொடங்கும் என்றார் பாய். எனக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

அன்றைக்கும் கியர் லாக் ஆனது. எல்லோரும் ஒரு முனகலோடு இறங்கினார்கள். நான் பானெட்டுக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்றேன். கம்பிகள் இரண்டும் நல்லபடியாக இருந்தன.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன். கேட்டீகளா?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிழல் விழுந்தது. அப்பா. மரத்தடியிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பானெட் மறைத்ததில் விஜயாவுக்கு அவரைத் தெரியாது.

"பேசாம நின்னா எப்படி? ஸ்கூல் தெறக்கப் போகுது. மாமாகிட்டக் கேக்க உங்களுக்கு அம்புட்டுப் பயமா இருந்தாச் சொல்லுங்க, நானே கேக்குறேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கம்பிகளைப் பார்த்தார். அவருக்குக் கார் ஓட்டத்தான் தெரியாதே தவிர, கயிறு வியாபாரி. எது சிக்கியிருக்கிறது, எது சிக்கவில்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவர் மெல்ல, "அமுக்கச் சொல்லு" என்றார்.

"அமுக்கு" என்றேன்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அசைக்கத் தேவையில்லாத கம்பியைப் பிடித்து ஒரு அசைப்பு அசைத்தார். பிறகு பானெட்டைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த ஸ்கூலும்மா?"

காருக்குள்ளே கிளட்ச் டக்கென்று மேலே வந்தது.

"வண்டியூரு, மாமா."

"கணக்கா?"

"ஆமா மாமா."

"எட்டாப்பு வரைக்குமா, பத்தாப்பு வரைக்குமா?"

"பத்தாப்பு வரைக்கும்."

"நாளைக்கு ரெண்டு பேரும் போயிப் பேசிட்டு வாங்க." கையில் ஒட்டிய கிரீஸை என் தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டு மரத்தடிக்கு நடந்தார். "சரியாயிருச்சு, ஏறுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார். அன்றைக்கு அவருக்கும் அந்தப் பானெட் தகரம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் காட்டாமல் மூன்றாவது கியரில் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

ஃப்ளோர் கியர் வந்தது. கம்பி சரியாகச் சித்தப்பாவின் இரண்டு கால்களுக்கும் நடுவில் முளைத்தது. அதற்காக ஒற்றைக்காலில் நின்றவர், அதனாலேயே முன்சீட்டை இழந்து பின்னால் சித்தியோடு உட்கார வேண்டியதாயிற்று. கியர் அதற்கப்புறம் லாக் ஆகவில்லை. அப்பா மட்டும் சில ஞாயிறுகளில் கப்பலூர் தாண்டியதும், "வண்டி நல்லாத்தான ஓடுது?" என்று கேட்பார்.

பிறகு அஞ்சு கியர் வைத்த சின்னக் கார் வந்தது. காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி விஜயா ஓட்டப் பழகினாள். ஸ்டியரிங், பிரேக் எல்லாம் சொல்லித்தர வேண்டியிருந்தது. கிளட்ச் மட்டும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது அப்பா, அம்மா இல்லை, சித்தப்பா, சித்தி இல்லை. பிளைவுட் தடுப்பை எடுத்துவிட்டோம். விஜயா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாள். அத்தனை பெரிய வீட்டில் இரண்டே பேர். என்ன வேண்டுமானாலும் சத்தமாகப் பேசலாம். மாத்திரை போட்டாச்சா, கேஸ் மூடியாச்சா என்று பேசுகிறோம்.

போன ஞாயிறு புதுக் காரில் திருமங்கலம் பக்கம் போனோம். தோட்டத்தை விற்று வெகு நாளாகிறது, சும்மா ஒரு ஓட்டம். கப்பலூர் தாண்டினால் நாலு வழிச் சாலை. புளியமரம் இருந்த இடத்தில் இரும்புத் தடுப்பு. வண்டி தானாகவே கியர் மாற்றிக்கொண்டு, யாரிடமும் முழங்காலை ஒதுக்கச் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"கியர் லாக் ஆயிருச்சா?" என்றாள் விஜயா, சாலையைப் பார்த்தபடி.

ஓரம் கட்டினேன். இறங்கி பானெட்டைத் தூக்கினேன். உள்ளே கம்பி எதுவும் கண்ணில் படவில்லை, கருப்பு பிளாஸ்டிக் மூடிதான். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறாள்.

"கோயம்புத்தூர் போகணுமாங்க?" என்றது குரல்.

பிளாஸ்டிக் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அமுக்கவா?" என்றாள்.

அங்கே அமுக்குவதற்குக் கிளட்ச் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

"அமுக்கு" என்றேன்.