ஆறு வீட்டுத் தட்டு

காலை 6.05. மாக் மண்டினிலிருந்து பட்டர்வொர்த் படகுத்துறைக்கு வாடகைக் கார் ஒன்பது மலேசிய வெள்ளி. மடியில் அர்ச்சனைத் தட்டு. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் தேங்காயை அமுக்கிப் பிடித்தேன்.

"அக்கா, தேங்காய் எங்கேயும் ஓடிப் போகாது லா," என்றார் ஓட்டுநர்.

6.30. முதல் படகு, இரண்டு வெள்ளி. கடல் என்னவோ மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் பழைய தெருவுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. விடியாத பனியில் பினாங்குத் தீவின் விளக்குகள் தண்ணீருக்கு மேல் தொங்கின. படகு நிற்பது போலவும் தீவுதான் எங்களை நோக்கி மிதந்து வருவது போலவும் இருந்தது.

லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் ஆறு குடும்பம் வாடகைக்கு இருந்தோம். தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை வெள்ளி ரதம் எங்கள் வாசல் வழியாக வரும். ஆறு வீட்டுக்கும் ஒரே தட்டு. முறை வந்த வீட்டார் வீட்டுக்கு ஒரு பெயராக ஆறு பெயர், ஆறு நட்சத்திரம் சொல்ல வேண்டும். வாடகையை ஏற்றவிடாத பழைய சட்டம் போனதும் வீடுகள் கைமாறின. ஜுரு, மாக் மண்டின் என்று சிதறினோம். அதற்குப் பிறகும் எங்களில் வருடம் தவறாமல் அந்த வாசலில் போய் நின்றவர் பார்வதி அக்கா ஒருவர்தான். இப்போது அவருக்கு இருதய ஆபரேஷன்.

"மல்லிகா, நீ போகலைன்னா இந்த வருஷத்தோட முடிஞ்சிடும்டி," என்றார் போனில். "ஒரு பேர விட்டாலும் அந்த வீடு விட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒரு தாளில் எழுதி, தேங்காய்க்கு அடியில் வைத்திருந்தேன்.

7.10. படகுத்துறையிலிருந்து பதினைந்து நிமிட நடை. கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஓடும் நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். எங்கள் அஞ்சடியில் கால் வைத்ததும் நடை தானாகவே மெதுவானது. ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவோம். அந்தத் தும்மல் இப்போதும் எங்கேயோ கேட்பது போலிருந்தது.

ஆறு வீடும் ஒரே ஹோட்டலாகியிருந்தது. ஐந்து வாசல்களைச் சன்னலாக்கிவிட்டார்கள். எங்கள் வாசல் எது? கண்ணாடிக்கு உள்ளே, கிணறு இருந்த இடத்தில் சின்ன நீச்சல்குளம் நீலமாக அசைந்துகொண்டிருந்தது.

கறுப்புச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். "ஆன்ட்டி, செக்-இன்னா?"

"இல்லம்மா, நான் இங்க இருந்தவ."

"எந்த ரூம்?"

விரட்டிவிடுவாளோ என்று தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "ரூம் இல்லம்மா. வீடு."

ஒரு நொடி என்னையும் தட்டையும் பார்த்தாள். உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

7.50. ரதம் வந்தது. நேர்த்திக்காகச் சீனர்கள் மலைபோல் குவித்திருந்த தேங்காய்கள் உடைந்து சிதற, தெருவே தேங்காய்த் தண்ணீரில் மிதந்தது. ரதத்தோடு வந்த ஒருவர் தட்டைப் பிடித்தார்.

"பேரு, நட்சத்திரம்! சீக்கிரம்!"

தெறித்த நீரில் நனைந்த தாளை உருவிப் பிரித்துப் படித்தேன். "பார்வதி, ரோகிணி. சுப்பையா, மகம். காந்தா, பூசம். ராமு, திருவோணம். ஜெயா, அஸ்தம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"மல்லிகா, சுவாதி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். எதிர்வீட்டுச் சீனத் தோழி ஆ லெங். அவளும் தெருவை விட்டுப் போனவள்தான். தேங்காய் உடைக்க வந்திருக்கிறாள். நரைத்த தலையெல்லாம் தேங்காய் நார்.

"வருஷா வருஷம் எதிர்ல நின்னு கேக்குறேன். ஆறு பேர். நீ அஞ்சு சொல்ற. மண்டை இல்ல லா உனக்கு!"

மறந்துவிடுவேன் என்று பயந்த பெயர்களை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதில் நான் இல்லை.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உன் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.

"எனக்கு ஏது? எங்க சீனக் கணக்குல நாய் வருஷம் லா!"

9.20. திரும்பும் படகு. மாக் மண்டின் அடுக்குமாடியில் பதினொரு வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவரிடம் பேனா வாங்கினேன். ஈரத்தாளில் மை ஊறியது. மல்லிகா, சுவாதி என்று எழுதினேன். அதற்குக் கீழே: ஆ லெங், நாய் வருஷம்.

அடுத்த தைப்பூசத்தில் இதைப் படித்தால் தட்டு வாங்குபவர் என்ன சொல்வாரோ என்ற கவலை, கரை வரும்வரை விடவில்லை.