முதலாளிக்காக ஒப்புக்கொடுத்த மூன்று பூசைகள்

ஏழு வருடம் நான் இன்னொருத்தியாக வேலை செய்தேன். பிரான்சில் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இதைப் படிக்கிற பலருக்கு விளக்கம் தேவைப்படாது. எனக்கு விசா இல்லை. மச்சாள் சுமதியின் விசா அட்டையைக் கொடுத்து, அவள் பெயரில், பக்கத்துச் சென் தெனியில் ஹோட்டல் விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் சலவைச்சாலையில் சேர்ந்தேன். காலையில் சுப்பர்வைசர் பெயர் இடாப்பைப் பார்த்துச் சுமதி என்று கூப்பிட, நான் ஓம் என்பேன். என் ஞானஸ்நானப் பெயர் ஜெசிந்தா.

போன தவக்காலத்தில் விசாவுக்கு விண்ணப்பித்தேன். சுமதி என்ற பெயரில் உழைத்தது நான்தான் என்று முதலாளி கடிதம் தரவேண்டும் என்று விசா அலுவலகத்தில் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் ஏழு வருடமும் போச்சு. நாட்டைவிட்டே போகச் சொல்வார்கள். முதலாளி எங்கள் ஊர்க்காரர். நான் யாரென்று தெரிந்துதான் வேலைக்கு எடுத்தவர்.

“கடிதமோ? எழுதினா என்னையெல்லோ பிடிப்பாங்கள். சும்மா இரும், சுமதி” என்றார்.

அவர் மனம் இளகவேண்டுமென்று தேவாலயத்தில் மூன்று பூசை ஒப்புக்கொடுத்தேன். சாமியார் அவர் பெயரை வாசித்தபோது அழுதேன். முதலாளியோ வேலையிடத்தில் எல்லோருக்கும் முன்னால் பகிடி விட்டார்: “எனக்குப் பூசை குடுத்தனீராம்? செத்த ஆக்களுக்கெல்லோ குடுக்கிறது, நான் இன்னும் சாகேல்லையே!” அதன்பிறகு செபிக்கவே கசந்தது.

என்னோடு விரிப்பு மடிப்பவர் ஹேஜா, கொரியாக்காரி, கிறிஸ்தவ வேதக்காரி. ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபடி அரைகுறைப் பிரெஞ்சில் கதைப்போம். என் அழுகையைப் பார்த்துவிட்டுத் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரர் கொரியாவை ஆண்ட காலம். சொந்தப் பெயரை விட்டு ஜப்பான் பெயர் வைக்கவேண்டும், அவர்களுடைய கோவிலில் குனிந்து வணங்கவேண்டும் என்று நெருக்கினார்களாம். தாத்தாவின் சபையிலேயே பலர் போய் வணங்கினார்கள். தாத்தா இரண்டுக்கும் மாட்டேன் என்றார். மறியலில் பூட்டி வைத்து அடித்தே கொன்றார்கள். விடுதலையை அவர் காணவில்லை.

“அவரும் செபிச்சவர்தானே? கடவுள் என்னத்தைக் குடுத்தார்?” என்று கேட்டேன்.

“மாட்டன் எண்டு சொல்ல வாயைக் குடுத்தார். நீர் முதலாளிக்கெல்லோ செபிக்கிறீர். உமக்கெண்டு ஒண்டும் கேக்கேல்லையே.”

அடுத்தநாள் வேலைக்கு வரும் வழி முழுக்க எனக்காகவே மன்றாடினேன். சுப்பர்வைசர் சுமதி என்றார். திரும்பவும் கூப்பிட்டார்.

“என்ர பேர் ஜெசிந்தா. கடிதம் தாற வரைக்கும் மெசினைத் தொடமாட்டன்.”

ஹேஜா வந்து பக்கத்தில் நின்றார். பிறகு கூட வேலை செய்யும் மாலி நாட்டுப் பெண்கள் நால்வர். எங்கள் தமிழ் ஆட்கள் ஒன்பது பேர் நிலத்தைப் பார்த்தபடி மெசினுக்குப் போனார்கள். “உமக்கென்ன விசரே?” என்று ஒருத்தி கேட்டுக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள், அழுக்கு விரிப்புகள் குவிந்து ஹோட்டல்காரர் கத்தத் தொடங்கியபின், முதலாளி கையெழுத்து வைத்தார். மனம் இளகியல்ல. கடிதத்தை என் முகத்தில் எறிந்தார். கார்த்திகையில் விசா கிடைத்தது. ஆண்டவருக்குக் கோடி நன்றி.

ஆனால் கடிதம் தந்த கிழமையே முதலாளி ஹேஜாவை வேலையால் நிற்பாட்டிவிட்டார். ஹேஜாவுக்கு விசா இருந்தது. எனக்காக நிற்கவேண்டிய தேவையே அவருக்கில்லை. இப்போது வழக்குப் போட்டிருக்கிறார். நான் சாட்சி சொல்லப் போகிறேன். என் வேலையும் போகலாம். போகட்டும்.

அந்த ஒன்பது பேரில் மூவர், கடிதம் எடுப்பது எப்படி என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுத்தேன். ஹேஜாவுக்காகச் சாட்சி சொல்ல வாருங்கள் என்றேன். கேட்டதைக் குறித்துக்கொண்டு மெசினுக்குத் திரும்பினார்கள்.

சகோதரங்களே, உங்களுக்கென்று துணிவைக் கேளுங்கள். ஆண்டவர் தருவார், எனக்குத் தந்தார். வழக்கு வருகிற ஆனியில். நீதிமன்றத்து வாங்கில் உட்கார என் பக்கத்தில் இடம் கிடக்கிறது.