ஆந்தைக்கு எல்லை அளந்தவள்

வெண்மதியிடம் யாராவது "கல்யாணம் எப்போ?" என்று கேட்டால், "ஆந்தை ஒத்துக்கணுமே" என்பாள். புவனகிரிக்காரி. வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். சிதம்பரத்தில் ஆந்தை ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தபோது, நர்ஸ் வேலை பார்க்கும் அவள் அம்மா ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டார். "அபசகுனம்னு ஊரே கல்லெடுத்து அடிக்குது. அது பின்னாடியா போறே?"

"கல்லெடுக்குறவங்க எதிருல யாராச்சும் நிக்கணுமில்ல?" என்று மகள் கிளம்பிவிட்டாள்.

வேலை இதுதான். புள்ளி ஆந்தையைப் பிடித்து, அதன் முதுகில் சுண்டைக்காய் அளவு ரேடியோ கருவி ஒன்றை வாரால் கட்டிப் பறக்கவிட வேண்டும். பிறகு கையில் ஏரியலோடு அலைந்து, 'டிக் டிக்' சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்த்து, ஆந்தை எங்கே தங்குகிறது, எவ்வளவு தூரம் போய்வருகிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு பெண் ஆந்தையின் சத்தம் மட்டும் சில நாட்களாக ஒரே இடத்திலிருந்து வந்தது. இரவிலும் நகரவில்லை.

"வார் இறுக்கிச் செத்திருக்கும்மா," என்றார் போனில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கார்த்திகேசன். "அப்படின்னா எல்லாப் பறவைக்கிட்டேர்ந்தும் கழட்டிடணும். ஆராய்ச்சி அவ்வளவுதான்."

"கட்டினது நானு சார். சாகல. முட்டை மேல உக்காந்திருக்கு. போட்டோ அனுப்புறேன், பாருங்க."

சத்தம் வந்தது ஒரு முந்திரித் தோப்பிலிருந்து. கேட்டுக்கு உள்ளே பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார் தோப்புக்காரம்மா விருத்தாம்பாள். ஏரியலைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"இன்னா அது?"

"எல்லை அளக்குறோம் அத்தை, ஆந்தைக்கு. உங்க தோப்பும் அதுக்குள்ள வருது."

வேறு வார்த்தையா கிடைக்கவில்லை இந்தப் பெண்ணுக்கு! நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க இன்றைக்கு அளப்பார்கள், நாளைக்கு நோட்டீஸ் வரும், அப்புறம் பொக்லைன் வரும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற சீமை இது. 'ஆந்தை' என்றது விருத்தாம்பாளின் காதில் ஏறவே இல்லை.

"அளக்க வந்துட்டியா? ஒரு சாணு நெலம் தர மாட்டேன். போடி அந்தாண்ட!" கேட்டில் பூட்டு விழுந்தது.

வெண்மதிக்குத் தன் தப்பு உறைத்தது. அதற்காகத் திரும்பிப் போகிற ஆளில்லை அவள். ஏரியலைக் கீழே வைத்துவிட்டு, கேட்டுக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நெலம் யாருக்கும் வேணாம் அத்தை. உங்க பலாமரத்துப் பொந்துல ஒரு ஆந்தை இருக்கு. உசுரோட இருக்குதான்னு பாக்கணும், அவ்வளவுதான். அது முதுவுல மிஷின் கட்டினது நாந்தான். செத்திருந்தா..." அவ்வளவு பேசுகிறவள் முகத்தைத் திருப்பிப் பலாமரத்தைப் பார்த்தாள்.

விருத்தாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

கழியின் நுனியில் போனைக் கட்டிப் பொந்துக்கு நேரே நீட்டி, வீடியோ எடுத்து இறக்கினாள் வெண்மதி. இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இரண்டு மஞ்சள் கண்கள் கோபமாக முறைத்தன. வார், கட்டின இடத்திலேயே இறுகாமல் இருந்தது. வயிற்றுக்கடியில் வெள்ளை வெளேரென்று முட்டைகள்.

"அடியேய், அடைகாக்குதுடி!" என்று வெண்மதியின் தோளைப் பிடித்து உலுக்கினார் விருத்தாம்பாள். வெண்மதி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அங்கிருந்தே பேராசிரியருக்கு வீடியோவை அனுப்பினாள். பிறகு ஆந்தையின் எல்லையைப் போனில் வரைந்து காட்டினாள்.

விருத்தாம்பாள் அதையே உற்றுப் பார்த்தார். "இதுல என் தோப்பு இருக்குதா?"

"நட்ட நடுவுல இருக்கு அத்தை."

"அப்ப பிரிண்ட்டு போட்டுக் குடு. சர்வே நம்பரும் போடு. நாளைக்கி எவனாச்சும் அளக்க வந்தான்னா, ஏற்கெனவே அளந்தாச்சு, போடான்னு காட்டறேன்."