நேர்ந்துவிட்ட முடியில் நுனி வெடிப்பு

முடி நுனி வெடிப்பதை ஒரு நோய் என்று நம்பியவன் நான். அதுவும் நுனியில் பிடித்து, தண்டு வழியாக இறங்கி, வேரைத் தின்ற பிறகுதான் ஓயும் நோய். சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருப்பவனுக்கு வேறெப்படித் தோன்றும்? காலையில் கடை திறந்தால் யாராவது நுனி கருகிய இலையோடு வந்து நிற்பார்கள். இலையைத் திருப்பிப் பார்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இப்பவே மருந்து அடிக்கலன்னா காடு பூரா போயிரும்" என்று பயமுறுத்துவதுதான் என் பிழைப்பு.

அழகுக்காக முடி வளர்க்கும் தைரியம் எனக்குக் கிடையாது. மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஊர்க் கோமதியம்மனிடம் பேரம் பேசினேன். அவள் பிழைத்து வந்தால் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முடி இறக்குகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என் முன்வழுக்கை ஞாபகம் வந்தது. இதை வாங்கினால் அம்மனுக்கு நஷ்டம். சரி, தோளைத் தாண்டி வளர்த்து இறக்குகிறேன் என்று கூட்டிச் சொன்னேன். அவள் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் மாட்டிக்கொண்டேன். நேர்ந்துவிட்ட முடியில் கோயிலுக்குப் போகும்வரை கத்தரி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

முடி கழுத்தை மூடியதும் ஊருக்குப் பொழுதுபோக்கு கிடைத்தது. மேலநீலிதநல்லூரிலிருந்து மக்காச்சோள விதை வாங்க வந்தவர், மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "நல்லவேள அண்ணாச்சி, திரும்பிட்டிய. 'அக்கா, கடக்காரரு எங்க'ன்னு கேக்கப் பாத்தேன்."

அவரே இன்னொன்றும் சொன்னார். "என்ன அண்ணாச்சி, நுனியெல்லாம் பொரிஞ்சு கெடக்கு? உங்க கடையில மருந்து இல்லையா?"

அவர் போனதும் ஒரு முடியை இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நுனி பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னொன்று மூன்றாக. அடுத்த வாரம் மனைவிக்கு மறுபடி ஸ்கேன். என் கணக்கு வேகமாக ஓடியது: முடிக்கு நோய் என்றால் நேர்ச்சைக்கு நோய்; நேர்ச்சைக்கு நோய் என்றால் அவளுக்கு. வெட்டவும் முடியாது. வெட்டினால் வழக்கம் கெடும், ஆடிக்குள் தோளையும் தாண்டாது.

எங்கள் ஊரில் சொறி, சிரங்கு எது வந்தாலும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். தோலுக்குக் கேட்பது முடிக்குக் கேட்காதா? குழைத்து நுனியெங்கும் அப்பிக்கொண்டு பைக்கில் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். காய்ந்து கட்டியானதும் தண்ணீர் ஊற்றி, பல் நெருங்கிய சீப்பை வைத்து ஒரு இழு இழுத்தேன். சீப்போடு பாதி வந்துவிட்டது.

"என்ன செய்யுதிய?" மனைவி பின்வாசலில் நின்றிருந்தாள்.

"வைத்தியம்."

"வெளங்கும். ஈர முடியச் சீவுதிய. துண்டப் போட்டு மாட்டத் தேய்க்கமாதிரி தேய்க்கிய. கடை ரப்பர் பேண்ட இறுக்கிப் போடுதிய. காத்துல அவுத்துப் போட்டுக்கிட்டு பைக்கு ஓட்டுதிய. வெடிக்காம என்ன செய்யும்? வெடிச்சது ஒட்டாது. நுனிய வெட்டித்தான் ஆவணும். இல்லன்னா மேல மேல பிளக்கும்."

"கத்தரி படக்கூடாது."

"யாருக்காக நேந்திய?"

"ஒனக்குத்தான்."

"அப்ப என் முடிதான். குனியுங்க."

நான் குனியவில்லை. "அடுத்த வாரம் ஸ்கேன் இருக்குட்டி" என்று சொல்லும்போது குரல் உடைந்து கோழி கேறுவதுபோல் வந்தது. அவள் தையல் மிஷின் கத்தரியை எடுத்தாள்.

"என் வயித்துல இருந்தத வெட்டி எடுத்தப்ப அம்மன் கோவிச்சாளா? இதுக்கு மட்டும் கோவிக்கப் போறாளாக்கும்."

குனிந்தேன். ஒரு விரல் நீளம் போனது. அன்றிலிருந்து நுனிக்குத் தேங்காய் எண்ணெய், அகலப் பல் சீப்பு, துவட்டப் பழைய பருத்தி வேட்டி, முடியைக் கட்டத் துணி சுற்றிய ரப்பர் பேண்ட், ஹெல்மெட்டுக்குள் கொண்டை என்று அவள் சொன்னதையெல்லாம் பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் செய்தேன். கொண்டையோடு ஹெல்மெட் போட்டால் பூசணிக்காய் போலிருக்கும், அதையும் பொறுத்தேன். புதிதாக வெடிப்பது அநேகமாக நின்றுபோனது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆடித்தபசுக்கு முடி தோளைத் தொட்டது, தாண்டவில்லை. அப்படியே இறக்கிவிட்டேன்.