விரத நாளில் எடுத்த ரத்தம்

என் கருமுட்டைகளை எடுப்பதற்கு முந்தைய நாள் ஆடிக் கிருத்திகை. எண்பதுகளின் கடைசி, எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். மெட்ராஸில் கருவை வெளியே உண்டாக்கி உள்ளே வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆரணியிலிருந்து பஸ் ஏறினோம். இதிலும் கரு நிற்காவிட்டால் இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம்.

கிருத்திகையன்று நான் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பவள். ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. கொடுத்த இட்லியை யாருக்கும் தெரியாமல் கணவர் பக்கம் தள்ளிவிட்டேன். மாலையில் லேப் அம்மா வந்து ரத்தம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். அதிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் கரு வளரும் திரவத்தில் சேர்ப்பார்களாம். கருவுக்கு அதுதான் சாப்பாடாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் விரதத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் முட்டை எடுத்த பிறகு, விரத வயிற்றில் எடுத்த அந்த ரத்தம்தான் கருவுக்குச் சாப்பாடாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் பட்டு நெய்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி நீர்த்துப்போனால் இழை அறும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், "கஞ்சி பத்தலன்னா எப்படி நிக்கும்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். வந்த கோபத்துக்கு எறிய எதுவும் கையில் அகப்படவில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. லேப் அம்மா மறுபடி வந்ததும், அவர் பேசுவதற்குள் நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுதேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"சாப்ட ஒடனே எடுத்தா ரத்தத்துல கொழுப்பு கலந்து கலங்கலா இருக்கும். உங்களுது நல்லா தெளிவா இருந்துச்சு. மூணு கரு ஜோரா வளந்துகினு இருக்குதும்மா."

அப்பாடா என்று இருந்தது. பசியும் அப்போதுதான் தெரிந்தது. அன்றே மூன்றையும் மெல்லிய குழாய் வழியாக உள்ளே வைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்து, கரு ஒட்டிக்கொண்டது என்றார்கள். என் கால் தரையில் நிற்கவில்லை. திரும்பினால் கணவரைக் காணோம். மாடிப்படியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். குழந்தை இல்லாவிட்டால்தான் என்ன என்று அத்தனை வருடமும் சொல்லிவந்த மனிதர். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் ஆசதான்" என்றார். "சொன்னா நீ தாங்க மாட்டேன்னு சொல்லல."