பங்குனியில் குற்றாலம்

எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதென்றால் முதலில் நான்தான் போனை எடுப்பேன். ஒரே அறைக்கு நான்கு செயலிகளில் நான்கு வாடகை பார்த்து, புதன்கிழமை போனால் குறைவு, ஜன்னல் இல்லாத அறை இன்னும் குறைவு என்று அறிவிப்பேன். "அந்த லாட்ஜ் வராந்தாவுல உக்காந்துட்டு வந்திருவோம், ஓசிதான்" என்பார் கணவர். என்ன செய்ய, அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து இது ஒன்றுதான்.

அப்பா தென்காசியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். அம்மாவின் வாழ்க்கையைக் கெடுத்தது அந்த ஐந்து கிலோமீட்டர். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் அப்பாவின் சொந்தங்கள் மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வந்து இறங்குவார்கள். தம்பி வீடு இருக்கும்போது லாட்ஜுக்கு எதற்கு அழ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பத்து கிலோமீட்டர் தள்ளி இலத்தூரில் இருக்கிற அத்தைகூட, முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகத்தான் போவாள். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற பதினைந்து பேரும் மத்தியானம் பதினைந்து யானைகளின் பசியோடு திரும்புவார்கள். அம்மா அடுப்பை விட்டு நகர முடியாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சீசனில்கூட அவள் அருவியில் தலையைக் காட்டியதில்லை.

ஒரு நாள் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "எனக்கு நகை, சேலை ஒண்ணும் வேண்டாம். குத்தாலத்துல ரூம் போட்டு ரெண்டு நாள் இருக்கணும். வேற யாராவது போட்ட காப்பிய உக்காந்து குடிக்கணும்."

அப்பா எதையும் மறுக்கிறவர் அல்ல; விலை இறங்கும்வரை காத்திருப்பவர். பங்குனி வந்தது. சீசனில் கேட்கிற வாடகையில் கால் பங்குக்கு ரூம் கிடைக்கிறது என்று ஒரு சாயங்காலம் வெற்றியோடு வந்தார்.

"பங்குனியில அங்கன தண்ணி ஏதுங்க?" என்றாள் அம்மா.

"பாறை அதே பாறை. குரங்கு அதே குரங்கு. தண்ணிதான் கொஞ்சம் கம்மி."

சனிக்கிழமை பெட்டியோடு டவுன் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அப்பாவுக்குத் தெரிந்த இலத்தூர்க்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"குடும்பத்தோட எங்க கிளம்பிட்டிய அண்ணாச்சி?"

"குத்தாலத்துக்கு. ரூம் போட்டிருக்கு."

"இப்ப அங்கன என்ன இருக்கு?"

"கூட்டம் இருக்காது" என்றார் அப்பா.

கூட்டம் இல்லைதான். மெயினருவியில் கறுத்த பாறை மட்டும் நின்றது. தண்ணீர் இருக்கும்போது தெரியாத பள்ளங்களும், பாறையில் செதுக்கிய லிங்கங்களும் தெரிந்தன. நான் லிங்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மேலிருந்து தாம்புக்கயிறு கனத்துக்குத் தண்ணீர் இறங்கியது. அம்மா அதன் அடியில் உள்ளங்கையை நீட்டி, நிறைவதற்குக் காத்திருந்தாள். முகத்தில் ஏமாற்றம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ரூமுக்கு வந்து, பையன் கொண்டுவந்த காப்பியைக் கட்டிலில் சம்மணமிட்டுக் குடித்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தை வந்துவிட்டாள். மூன்று பிள்ளைகள், ஒரு எண்ணெய் பாட்டில், தூக்குவாளி சகிதம். பஸ்ஸில் பார்த்தவர் சொல்லியிருக்கிறார். அப்பா படியிறங்கி ஓடினார். என்னதான் நடக்கப்போகிறது என்று பார்க்க நானும் பின்னாலேயே போய்ப் படியில் நின்றுகொண்டேன்.

"ஏ தம்பி, ரூம் போட்டிருக்கியாம்லா? சொல்லக் கூடாதா? நாங்க அஞ்சு பேரும் தரையிலயே படுத்துக்கிடுவோம். மச்சான் பொறவு வாராரு. ஒம் பொண்டாட்டிய ரெண்டு படி அரிசி கூடப் போடச் சொல்லு. பக்கத்துல அடுப்பு கிடைக்கும்லா?"

அப்பா பிறந்ததிலிருந்து அத்தையிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "மேல வராத அக்கா. அவளுக்கு அம்மை போட்டிருக்கு" என்றார்.

அத்தை ஒரே எட்டில் ரோட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "தாயே, மாரியாத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் மேலே ஓடி, "ஒனக்கு அம்மையாம்மா?" என்று கேட்டு அம்மாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை.

"யாருட்டி சொன்னா?"

"அப்பாதான். அத்தைகிட்ட."

அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கீழே லாட்ஜ் மேனேஜரும் காது வைத்திருந்தவர்தானே. "அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. அம்மை போட்டவங்கள வச்சுக்கிட்டு நான் தொழில் நடத்த முடியாது. காலி பண்ணிருங்க." இல்லை, பொய்தான் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல அப்பாவால் முடியவில்லை, அத்தை வாசலுக்கு எதிரேயே பஸ்ஸுக்கு நின்றாள். அடுத்த பஸ்ஸில் அவள் தென்காசிப் பக்கம் போனாள். அதற்கடுத்த பஸ்ஸில் நாங்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்ட ரெண்டு நாள், ஒரு நாளில் முடிந்துபோனது.

வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அக்காவின் கடமையாக அத்தை வந்து கட்டிவிட்டு, தெருவுக்கும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா பழக்கதோஷத்தில் நேரே அடுப்பங்கரைக்குப் போனாள்.

"அங்க போகாதிய! அனல் படக் கூடாது!" என்று ஜன்னல் வழியே கத்தினார் எதிர்வீட்டு டீச்சர். "மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் படுத்தே கிடக்கணும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேப்பிலையைப் பார்த்தார். அம்மா பாயை விரித்துப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளிலிருந்து மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து அப்பா உப்புமா கிண்டினார். அதை உருட்டவும் செய்யலாம், எறியவும் செய்யலாம். மாரியம்மன் கோவில் உண்டியலில், பொய்யில் அம்மன் பெயரை இழுத்ததற்குக் கப்பமாக, தினமும் ஏதோ போட்டுவிட்டு வந்தார். அம்மா பழைய வாரப் பத்திரிகைகளை எல்லாம் படித்து முடித்தாள்.

நாலாவது நாள் டீச்சர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு கொப்புளத்தையும் காணோம், முகம் பளபளன்னுலா இருக்கு? இது அம்மையே இல்ல, வேர்க்குருவா இருந்திருக்கும். எந்திரிச்சு வேலையப் பாக்கச் சொல்லுங்க. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் கடைய அடைப்பிய?"

ஆமாம் டீச்சர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காசு செலவில்லாமல் எல்லாம் முடிந்துவிடும். அப்பா அதைத்தான் சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

"இல்ல டீச்சர்" என்றார் அப்பா. "அம்மைதான். உள்ள போட்டிருக்கு. பத்து நாளாவது ஆகும்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். தான் சொன்னது பொய் என்பதையே மறந்துபோகிற அளவுக்கு அப்பாவுக்கு வயசாகிவிட்டதே என்று நான் அன்று முழுக்கக் கவலைப்பட்டேன். அப்பாவுக்கு அப்போது முப்பத்தெட்டு.