ஒரே புகைபோக்கி

ஹெஸ்டர் பில்பீம் ஐம்பது வருஷம் ஊரார் வீடுகளில் துணி வெளுத்தவள். விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்காக, கென்ட் பக்கத்துச் சிற்றூரில் ஒரு பீர் ஆலை முதலாளி ஏழைக் கிழடுகளுக்கென்று ஆறு செங்கல் வீடுகள் கட்டிவைத்தார். எழுபதாம் வயதில் அதில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. தேவாலயத்தில் இருப்பதுபோல் கூம்பிய ஜன்னல், முறுக்கிவிட்ட புகைபோக்கி, சொந்தச் சாவி. முதல் நாள் முழுக்கக் கதவைப் பூட்டுவதும் திறப்பதுமாகவே போனது.

சந்தோஷம் தாங்காமல் பாடிக்கொண்டே அடுப்பை மூட்டினாள். அடுப்புக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் சேர்ந்து பாடியது. குனிந்து அடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாருய்யா அது?"

"பக்கத்து வீட்டு ஜேபஸ்ங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி. சுருதி ஏறிடுச்சு, கொஞ்சம் இறக்கிப் பாடுங்க."

"பிடிக்கலேன்னா காதைப் பொத்திக்கும்."

வண்டியோட்டி ஓய்ந்த அந்தக் கிழவர் பொத்திக்கொள்ளவில்லை. தினமும் பாட்டும் வம்புமாக மூன்று மாதம் ஓடியது. ஈஸ்டருக்கு மறுநாள் அடுப்பு வழியே கேட்டார்: "நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

"பண்ணிக்கிட்டா ஒரு வீட்டைத் திருப்பித் தரணுமே. என் சாவியை நான் தரமாட்டேன்."

"அப்போ என் சாவியைக் கொடுத்துட்டு நான் மூட்டை கட்டுறேன்."

மே மாதம் கல்யாணம். பாதிரியார் சம்மதம் கேட்டபோது, அதை ஏற்கெனவே அடுப்பிடம் சொல்லியாயிற்றே என்று ஹெஸ்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. பாவம், அவர் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.